பெயருக்கு விட்ட இடம்

வரைபட அறைக்காரர் வாயைத் திறந்தால் அளவோடுதான் திறப்பார். ஒரு மைலை ஓர் அங்குலத்துக்குள் அடக்கிப் பழகியவர், பேச்சையும் அப்படியே அடக்கிக்கொண்டார்.

அன்று காலை அவருடைய நீண்ட மேசைக்கு எதிரே இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி விவசாயி. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் அவள் வீடு, அந்தப் பக்கம் வயல். மற்றவர் ரயில்வே பொறியாளர். அவள் கடக்கும் இடத்தை வேலி போட்டு அடைக்க வந்தவர். பழைய பாதை என்று வரைபடம் சொன்னால் மட்டும் விட்டுவிடுவாராம். அடைத்துவிட்டால் வயலுக்குப் போக அவள் ஏழு மைல் சுற்ற வேண்டும்.

அறைக்காரர் இரண்டு தாள்களை எடுத்து விரித்தார். எண்பது வருஷம் பழைய தாளில் பாதை புள்ளி புள்ளியாகத் தண்டவாளத்தைத் தாண்டி ஓடியது. அவள் முகம் மலர்ந்தது.

"இருங்கம்மா," என்று பொறியாளர் இரண்டாவது தாளைக் காட்டினார். "இது முப்பத்தஞ்சு வருஷம் முன்னாடி திரும்ப அளந்தது. இதுல பாதையே இல்ல. ஆள் நடமாட்டம் நின்னுபோச்சுன்னுதானே அர்த்தம்?"

"யாரு சொன்னா? அந்த வருஷந்தான் நான் கல்யாணமாகி வந்தேன். இன்னிக்குக் காலையிலகூட அதுல நடந்தேனே!"

"நீங்க நடந்தது தாள்ல இல்லையேம்மா."

அறைக்காரர் அந்த இரண்டாவது தாளின் மேல் குனிந்தார். பாதை இருந்த இடத்தில் ரயில் நிலையத்தின் பெயர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அவர் கையெழுத்துதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நீளமான பெயருக்கு இடம் போதாமல், பிளேடால் அந்தப் புள்ளிகளைச் சுரண்டியவர் அவரே. எழுத்து அச்சுக்கோத்த மாதிரி இருக்கிறதென்று மேலதிகாரி தட்டிக்கொடுத்ததை வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! மனைவிக்கு மனப்பாடம்.

கம்மென்று இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தாளை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். எழுத்துகளுக்கு நடுவே, சுரண்டி மெலிந்த இடங்களில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

"நடமாட்டம் நிக்கல சார். நான்தான் சுரண்டிட்டேன். ஸ்டேஷன் பேர் எழுத இடம் பத்தல."

பொறியாளர் அந்தப் புள்ளிகளைப் பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "இதை எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கிறேன்."

அவர் எழுத உட்கார்ந்தார். அவள் தாளை நெருங்கி அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இந்த ஸ்டேஷன மூடியே பத்து வருஷம் ஆச்சே," என்றாள்.

அறைக்காரர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். அது கோணலாக விழுந்தது.