மாடி அறைப் பாம்பும் மாஸ்டரின் கண்ணும்

நாச்சிமுத்து மாஸ்டர் அன்று காலையிலிருந்து எத்தனையாவது தடவையாகவோ, நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் லைட் பாக்ஸுக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் பனியனுக்கான மஞ்சள் துணி. துணி வாங்கும் பையர் கொடுத்த சாம்பிளைவிடச் சிவப்பு ஒரு துளி தூக்கலாக நின்றது. மூன்று தடவை சாயம் திருத்தியும் அது அடங்குவதாக இல்லை. பெருமாநல்லூர் வட்டாரத்துச் சாயப்பட்டறைகளில் அந்த ஒரு துளியை வெறும் கண்ணால் பிடிக்கிற ஆள் அவர் ஒருவர்தான் என்று பேர். இருபத்தாறு வருடமாக அந்தப் பேரைச் சுமந்ததில் அவருக்கு மிஞ்சியது கண்ணெரிச்சலும் கழுத்து வலியும்தான்.

மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து முதலாளி மாடிக்குக் கூப்பிட்டனுப்பினார்.

முதலாளி இளங்குமரனுக்கு முப்பத்தைந்து வயது. புதுக் கார் அலுத்து, வெளிநாட்டு நாய் அலுத்து, இரண்டு வருடமாகப் பாம்பில் வந்து நின்றிருந்தார். போவா என்கிற வெளிநாட்டு இனம். விஷமில்லாதது, பண்ணையில் பிறந்து வளர்ந்தது. முறைப்படி பதிவெல்லாம் செய்திருந்தார். விருந்தாளி வந்தால் ஒன்றைத் தோளில் போட்டுப் படம் எடுப்பார். மற்ற நாளில் ஏசி அறைப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார். பெட்டி கழுவ, தண்ணீர் மாற்ற, எலி போட எல்லாவற்றுக்கும் விஜயராணி இருந்தாள்.

விஜயராணி கமுதிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். பட்டறையைக் கூட்டிப் பெருக்க எடுத்த ஆள். பாம்பு என்றதும் மற்றவர்கள் எல்லாரும் ஓட, "அதுவும் வாயில்லாச் சீவன்தான" என்று இவள் ஒருத்திதான் நின்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக இந்த வேலையும் அவள் தலையில் ஏறியது.

மாடியில் முதலாளியும், பெங்களூரிலிருந்து வந்திருந்த அவருடைய நண்பரும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். உள்ளே இரண்டடி நீளத்தில் மஞ்சள் பாம்பு ஒன்று சுருண்டிருந்தது. விஜயராணி சுவரோரம் நின்றிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"ஏனுங்க மாஸ்டர், இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார் இளங்குமரன். "நான் வாங்குனது சன்குளோ. இது அல்பினோன்னு இவர் சொல்றாரு. எவனோ மாத்திப் போட்டானாமா."

சன்குளோ, அல்பினோ இரண்டுமே மஞ்சள் பாம்புதான். சன்குளோவில் ஆரஞ்சு தகதகக்கும். அல்பினோ கொஞ்சம் வெளுத்திருக்கும். குட்டியாக இருக்கும்போது பழகினவர்களே தடுமாறுவார்கள். விலை மட்டும் தடுமாறாது, சன்குளோவுக்குப் பல மடங்கு அதிகம். அறைச் சாவி விஜயராணியிடம்தான் இருந்தது. மாற்றியது "எவனோ" என்று முதலாளி சொன்னாலும் எல்லார் பார்வையும் அவள் மேலேயே இருந்தது.

"அய்யா, தோலு உரிக்கப் போகுதுய்யா. அதான் மங்கிக் கெடக்கு. நாலஞ்சு நாள் பொறுங்க, பளிச்சுன்னு ஆயிரும்" என்றாள்.

"தோல் உரிக்கும்னா கண்ணு பால் மாதிரி இருக்கும். இதுக்குத் தெளிவா இருக்கே!" என்றார் நண்பர்.

"முன்னாடி மங்கிப்போயித்தான்யா இருந்துச்சு. உரிக்கிறதுக்கு நாலஞ்சு நாளைக்கு முந்தியே தெளிஞ்சிரும். போன தடவையும் இப்பிடித்தான். நெறத்தப் பாக்காதீக. நெறம் ஏறும், எறங்கும். முதுகுல இருக்க பட்டையப் பாருங்க. வாலுக்கு மேல மூணாவது பட்டை ஒடஞ்சு ரெண்டாக் கெடக்கும். வாங்குனன்னைக்கு எடுத்த போட்டோவுலயும் அப்பிடித்தான் இருக்கும்."

கூட்டிப் பெருக்குகிறவள் பாம்பைப் பற்றிப் பாடம் எடுப்பதா? முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. "நீ சும்மா இரு. மாஸ்டர் பாப்பாரு."

நாச்சிமுத்துவுக்குப் பாம்பைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே போயிருக்கலாம். ஆனால் இருபத்தாறு வருடத்துப் பேர் இருக்கிறதே, அது அவர் வாயை அடைத்தது. கீழே மஞ்சள் லாட் காத்திருந்தது. பசி வேறு. சீக்கிரம் முடித்தால் போதும் என்று இருந்தது. பெட்டியைக் கீழே சாயம் சோதிக்கிற லேபுக்குக் கொண்டுவரச் சொன்னார். லைட் பாக்ஸில் பகல் வெளிச்ச விளக்கைப் போட்டார். பாம்பு வாங்கிய அன்று முதலாளி செல்போனில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார்.

செல்போன் படத்தை வைத்து யாராவது ஷேடு பார்க்கச் சொன்னால், போனை வாங்கிப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிடுகிற மனுசன் அவர். "போன் காட்டறது கலரே இல்லீங்க, கையில தொடற சாம்பிள் கொண்டாங்க" என்று பையரிடமே கறாராகச் சொன்னவர். அன்றைக்கு அந்த நியாயமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கி மூன்றாவது பட்டையைப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அதையும் அவர் செய்யவில்லை.

"ஷேடு மேட்ச் ஆகலீங்க. இது வேற" என்றார்.

அவ்வளவுதான். ஷிப்ட் முடிந்து எல்லாரும் வெளியே வருகிற நேரத்தில், கேட்டருகே விஜயராணியின் பையைக் கொட்டிச் சோதித்தார்கள். சாப்பாட்டு டப்பா உருண்டு ஓடியது. "போலீசுக்குப் போகாம விடறதே பெருசு" என்று சொல்லிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவள் அழவில்லை. மாஸ்டரை மட்டும் ஒரு தரம் பார்த்தாள். அவர் செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

ஆறாம் நாள் காலை மாடியிலிருந்து இளங்குமரன் கூவினார். "மாஸ்டர், மேல வாங்க! வந்து பாருங்க!"

பெட்டியின் மூலையில் கண்ணாடித்தாள்போல ஒரு பழந்தோல் கிடந்தது. நடுவில் அந்தப் பாம்பு, ஆரஞ்சும் மஞ்சளுமாகத் தகதகத்தது. நாச்சிமுத்து செல்போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். வாலுக்கு மேல் மூன்றாவது பட்டை உடைந்து இரண்டாக இருந்தது. பெட்டிக்குள்ளும் அப்படியேதான் இருந்தது.

"சன்குளோவேதானுங்க! நல்லவேளை, நம்ம பொருள் எங்கயும் போகலை" என்று இளங்குமரன் குதித்தார்.

"அப்ப அந்தப் புள்ளைக்கு என்னங்க பதிலு?" என்றார் நாச்சிமுத்து.

"அதை விடுங்க மாஸ்டர். வேற ஆளு போட்டாச்சு. இப்பப் போயி தப்பு எம்மேலன்னு சொல்லிட்டிருக்க முடியுமா?"

அன்று சாயங்காலம் நாச்சிமுத்து விஜயராணி குடியிருந்த லைன் வீட்டைத் தேடிப் போனார். அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். திருடியைக் குடிவைக்க முடியாது என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டாளாம். மூன்று கம்பெனியில் வேலை கேட்டுப் போயிருந்தாள். மூன்றிலும் சேதி முந்திப் போய் உட்கார்ந்திருந்தது. மகள் அனுசுயா பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று மூலையில் படுத்துக் கிடந்தாள்.

"தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு. பாம்பு தோல உரிச்சிருச்சு. நீ சொன்னதுதான் நெசம்" என்றார்.

விஜயராணி சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். "அது தோல உரிச்சுட்டுப் புதுசா வந்துருச்சுங்கய்யா. எம்மேல ஒட்டுன பேர நான் எங்க போயி உரிக்க?"

நாச்சிமுத்து சாக்கைத் தூக்கிக் கொடுக்கக் குனிந்தார்.

"எல்லாரும் பாக்கத்தான என் பையக் கொட்டுனீக? இங்க வந்து என் காதுல மட்டும் சொன்னா ஆச்சா?" என்றாள் அவள். அதில் கோபம்கூட இல்லை. அவ்வளவு ஓய்ந்துபோயிருந்தாள்.

மறுநாள் காலை, ஷிப்டுக்கு ஆட்கள் நுழைகிற நேரம். நாச்சிமுத்து கேட்டருகே நின்று எல்லாரையும் நிறுத்தினார். பக்கத்தில் விஜயராணியும் அனுசுயாவும் நின்றார்கள். தூத்துக்குடிக்காரர்கள், பீகார்ப் பையன்கள், உள்ளூர்ப் பெண்கள் என்று நூறு பேருக்கு மேல் கூடிவிட்டார்கள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்தப் புள்ள எதையும் திருடலை. மாடியில இருக்கறது அதே பாம்புதான். எனக்குப் பாம்பைப் பத்தி ஒண்ணுந் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன். திருட்டுப்பட்டம் கட்டுனது நானு" என்றார். பிறகு எல்லார் முன்னாலும் விஜயராணியைப் பார்த்துக் கை கூப்பினார்.

சத்தம் கேட்டு இளங்குமரன் இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. "என்னங்க மாஸ்டர் இது? ஒரு வேலைக்காரிக்காக, இத்தனை பேர் முன்னால நம்ம மானத்த வாங்கறீங்களே?"

நாச்சிமுத்து சோர்ந்த கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தனை பேர் முன்னாலதானுங்க அந்தப் புள்ள மானத்த நாம வாங்குனோம். அதுக்குத் தெரிஞ்சத அது சொல்லுச்சு, கூட்டிப் பெருக்கறவதானேன்னு நாம காது குடுக்கலை. எனக்குத் தெரியாதத நாஞ் சொன்னேன், மாஸ்டராச்சேன்னு நீங்க நம்புனீங்க. தெரியாதுன்னு சொல்ல நாம வெக்கப்பட்டா, அந்த வெக்கத்துக்கு வெலை குடுக்கறது நாமில்லீங்க. எதுத்துக் கேக்க நாதியில்லாத யாரோ ஒருத்தருங்க."