என்சியோவின் கத்திப்பிடி

ஆகஸ்டு மாத வெயிலில் என்சியோ கார்ப்பினென் வலது கையில் மட்டும் கம்பளிக் கையுறை மாட்டிக்கொண்டு என் பட்டறைக்குள் வந்தார். நான் அதைப் பார்க்கவில்லை. ஒருவர் காட்ட விரும்பாததைப் பார்ப்பது எங்கள் கைனு மாவட்டத்துப் பக்கம் அநாகரிகம்.

காபி ஊற்றினேன். இடது கையால் குடித்தார். இரண்டாவது கோப்பை முடிந்ததும் வாய் திறந்தார்.

"ஒரு பூக்கோ வேணும், ரைலா."

இடுப்பில் பூக்கோக் கத்தி இல்லாமல் இங்கே யாரும் காட்டுக்குப் போவதில்லை. அதைச் செய்துதான் நான் பிழைக்கிறேன்.

"பழசுக்கு என்ன கேடு?"

"பிடி சரியில்ல."

இருபது வருடமாக அந்தப் பிடி சரியாகத்தான் இருந்தது. செய்தவளே நான்தான். ஆனாலும் எழுதிக்கொண்டேன். ஒன்பது சென்டிமீட்டர் அலகு, கடமான் தோல் உரிக்க வளைந்த முனை, பிர்ச் மரப் பிடி, வலது இடுப்புக்கு உறை. பிறகு களிமண் உருண்டையை நீட்டினேன். கத்தியைப் பிடிப்பதுபோல ஒருமுறை இறுக்கினால் போதும், அந்தத் தடத்தைப் பார்த்துப் பிடியைச் செதுக்குவேன்.

"வீட்ல போய்ப் பிடிச்சுக் கொண்டாரேன்."

"ஏன், இங்க பிடிச்சா களிமண்ணு கோவிச்சுக்குமா?"

"வீட்ல வெளிச்சம் நல்லாருக்கும்."

மறுநாள் உருண்டை வந்தது. ஐந்து விரல் தடம், ஐந்தும் மெல்லியவை. ஏலக்காய் வாசனை வேறு. அவர் மனைவி மார்கெட்டா வெள்ளிக்கிழமைதோறும் ஏலக்காய் பன் சுடுகிறவள்.

அதற்கடுத்த நாள் தௌனோ வந்தார். வேட்டைக் குழுவின் தலைவர். குழுவில் பதினோரு பேர். சுட்ட கடமானின் வயிற்றைக் கிழித்துத் தோல் உரிப்பது முப்பது வருடமாக என்சியோவின் வேலை. அது போனால் சூப் கிண்டும் வேலைதான் மிச்சம். சூப் ஒன்றும் மோசமில்லை. ஆனால் என்சியோ செத்தாலும் அதைக் கிண்ட மாட்டார்.

தௌனோவுக்கு மூன்று கோப்பை தேவைப்பட்டது.

"மூணு வெரலுக்குப் பிடி செய்ய முடியுமா?"

"யாருக்கு?"

"என்சியோவுக்குத்தான். மே மாசத்துலேருந்து எங்களோட சவுனாக் குளியலுக்கே வரல. அதோட, ஆம்புலன்ஸ் ஓட்டுனது என் தங்கச்சி பையன். வெறகு பிளக்கற மிஷின்ல கை மாட்டிக்கிச்சு. ரெண்டு வெரலையும் ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டுக் கொண்டுபோனான். ஒட்டல."

"குழுவுல யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"யாராச்சும் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

துணியில்லாமல் தெருவில் நிற்பவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"அதெப்படிக் கேக்கறது? இந்த வருஷம் என் மருமகன் யெஸ்ஸே உரிக்கட்டும்னு ரெண்டு பேர் சொல்றாங்க. மொத மானை என்சியோ தடுமாறாம உரிச்சிட்டா அவங்க வாய மூடிக்குவாங்க. இல்லன்னா என் கையில ஒண்ணுமில்ல."

"இத்தனை ஆம்பளைங்கள்ல ஒருத்தருக்கும் வாயில்ல."

"உனக்கு இருக்குல்ல, நீ கேளு."

எனக்கு எரிச்சலாக வந்தது. நான் மட்டும் என்ன கிழித்தேன்? கையுறையைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டவள்தானே நானும்.

அளவில் தகராறு என்று என்சியோவுக்குப் போன் போட்டேன். வந்து உட்கார்ந்தார். நான் காபி ஊற்றவில்லை. எங்கள் ஊரில் அது முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். ஏலக்காய் உருண்டையை மேசைமேல் வைத்தேன்.

"இது மார்கெட்டா கை. கடமானை அவளா உரிக்கப்போறா?"

கையுறைக் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார்.

"கழட்டுங்கண்ணே. ரத்தத்துல பிடி வழுக்குச்சுன்னா மிச்சம் மூணும் போயிடும்."

பிறகு பல்லால் கடித்துக் கையுறையை இழுத்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. முகத்தை மறைக்கத்தான் எழுந்துபோய்க் காபி ஊற்றினேன்.

"சூப் மட்டும் கிண்ட மாட்டேன்" என்றார். களிமண்ணைப் பிடித்தார்.

அந்தப் பிடிக்கு ஐந்து வாரம் ஆனது. பின்பக்கம் தடிமன், கட்டைவிரலுக்கு ஒரு குழி, விரல்கள் இல்லாத இடத்தில் உள்ளங்கையை நிரப்ப ஒரு புடைப்பு. மூன்று முறை செய்து இரண்டை அடுப்பில் போட்டேன்.

அக்டோபரில் முதல் கடமான் விழுந்தது. நானும் அங்கே இருந்தேன், சூப் கிண்ட. என்சியோ கையுறையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். உடனே பத்து ஆண்களும் பிர்ச் மரங்களை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்தார்கள். கத்தி ஓடிய சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. எனக்கு அண்டாவில் என்ன வேகிறதென்றே மறந்துபோனது.

உரித்து முடித்து, துடைத்த கத்தியைக் கட்டைமேல் வைத்தார். யெஸ்ஸே அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பிடித்துப் பார்த்தான். ஊருக்குப் புதியவன், எங்கள் வழக்கம் தெரியாதவன், பாவம்.

"என்ன பிடி இது? கையில ஒக்காரவே மாட்டேங்குதே!"

எல்லோரும் மறுபடி பிர்ச் மரங்களைப் பார்த்தார்கள். நானும்தான்.

என்சியோ பனியில் கையைத் தேய்த்துக் கழுவினார். அவசரப்படவில்லை.

"ஒனக்கு ரெண்டு வெரல் அதிகம், தம்பி."

முதலில் சிரித்தது தௌனோ. பிறகு மற்றவர்கள் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அடங்கியதும் தௌனோ தொண்டையைச் செருமினார்.

"சவுனா ஆறு மணிக்கு."

"தெரியும்" என்றார் என்சியோ.