உரித்துக்காரர்

"பட்டனை நீக்கிலா அங்கிள்தான் அமத்தோணும்."

சுபாங்கி சொல்லிவிட்டாள். மரணச் சடங்கு மண்டபத்தின் பின்னறையில் கோப்பிப் பெட்டியின் குழாயைத் திறந்துகொண்டிருந்த பெரிய மாமா தில்லையம்பலத்தின் கை அப்படியே நின்றது. கோப்பி நிற்கவில்லை. கோப்பை நிரம்பி, மேசை விரிப்பில் வழிந்து, பிஸ்கற் தட்டுக்குள் போனது.

"குணம், கேட்டியே உன்ரை மகள் சொன்னதை?"

குணவதிக்குக் கேட்டதுதான். மோர்னிங்சைடிலிருந்து வரும் வழி முழுக்கக் காருக்குள் அவள் மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தது ஒன்றே ஒன்று. "எதையும் கதை. அந்த ஒரு கதையை மட்டும் எடுக்காதை. அண்ணைக்கு முன்னாலை எடுத்தியோ, நான் உன்ரை தாயில்லை." சுபாங்கி ஓம் என்று சொல்லவில்லை. கண்ணாடிக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது குணவதியின் பிழை.

அடுத்த மண்டபத்தில், பெட்டிக்குள், பட்டு வேட்டியோடு தியாகலிங்கம் படுத்திருந்தார். குணவதியின் தம்பி. சுபாங்கிக்குத் தியாகு மாமா. லோறன்ஸ் வீதியில் ரீரீசி என்ற நகரப் பஸ் சேவையில் பஸ் ஓட்டிய மனிதர். புதன்கிழமை காலை வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்ரில் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார், பிறகு எழும்பவில்லை. அம்புலன்சுக்கு அடித்தவரும், அது வரும்வரை நெஞ்சை அமத்திக்கொண்டிருந்தவரும், ஆஸ்பத்திரி நடையில் நின்றவரும் நீக்கிலாப்பிள்ளைதான். நீங்கள் அவருக்கு யார் என்று நர்ஸ் கேட்டாளாம். பார்ட்னர் என்றாராம். அவள் தலையை ஆட்டிவிட்டு அவருக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டாளாம். அந்த நர்சுக்கு எடுத்தது ஒரு கதிரை இழுக்கிற நேரம். இந்தக் குடும்பத்துக்கு இருபது வருசம் போதவில்லை.

இருபது வருசமும் நீக்கிலாப்பிள்ளை 'தியாகுவின்ரை றூம்மேற்'. மன்னார்க்காரர், வோர்டன் பக்கத்து ரேக்-அவுட் கடை ஒன்றில் சமையல். அவர்கள் இருந்தது இரண்டு படுக்கையறை வீடு. ஒன்றில் அரிசி மூட்டையும் உடற்பயிற்சிச் சைக்கிளும் கிடந்தன. போய்வந்த எல்லாருக்கும் அது தெரியும். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒருவரும் படுப்பதில்லை என்பதும் தெரியும். ஆனாலும் கலியாண வீட்டுக் கார்ட்டுகள் தியாகலிங்கத்தின் பெயருக்கு மட்டும் வந்தன. "இந்த நாட்டிலைதான் கட்டலாமே மாமா" என்று சுபாங்கி ஒருமுறை கேட்டாள். "கட்டலாம்தான் பிள்ளை. ஆரைக் கூப்பிடுறது?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு அவளைப் பேசவைத்தது அன்றைக்குப் பிடித்த கோபம்.

"உது செத்தவீடு" என்றார் தில்லையம்பலம், கோப்பியைத் துடைத்தபடி. அவர் ஊர்ச் சங்கத் தலைவர். துடைக்கும்போதும் தலைவர் மாதிரியே துடைத்தார். "உன்ரை யூனிவெர்சிற்றி இல்லை. மருமகன் ஒருத்தன் இருக்கேக்கை ஆரோ ஒராள் கொள்ளி வைக்கிறதே?"

"ஆரோ ஒராள் இல்லை. மாமாவின்ரை ஆள்."

"வாயைப் பொத்தடி!" என்றாள் குணவதி. "குடும்பத்திலை முதல் பட்டம் எண்டு சனத்துக்கெல்லாம் கேக் வெட்டிக் குடுத்தன். உதுக்கே?"

"உதுக்கும்தான். சரி, அந்த மருமகனைக் கேளுங்கோவன், அவன் ரெடியோ எண்டு."

மருமகன் ஜனார்த்தன், சுபாங்கியின் தம்பி, மூலைக் கதிரையில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கினான். கன்னம் இரண்டிலும் தாடி, கோடு கீறி வெட்டினது போல் அழகாக இருந்தது. அதுதான் பிரச்சினை. இங்கே விறகு இல்லை. சுடலையில் உரித்துக்காரர் இயந்திரத்தின் பட்டனை அமத்துவார், அதுவே கொள்ளி. ஆனால் பட்டனாக இருந்தாலும் அமத்துகிறவர் மீசை தாடியை வழித்துவிட்டு வரவேண்டும். அந்த வழக்கம் மட்டும் விமானம் ஏறி அப்படியே வந்து இறங்கிவிட்டது.

"உன்னை வழிச்சுக்கொண்டு வரச் சொன்னதெல்லே?" என்றார் தில்லையம்பலம்.

"அடுத்த சனி நான் பெஸ்ட் மான், மாமா. பிக்சர்ஸ் இருக்கு. ட்ரிம் பண்ணினனான்தானே."

"ட்ரிம்மோ? கொள்ளி வைக்கிறவன் ட்ரிம் பண்ணுறதோ?"

"ஆறு கிழமை எடுத்தது மாமா உது வளர. சீரியஸ்லி."

தில்லையம்பலம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு சுபாங்கியின் பக்கம் திரும்பினார். "இஞ்சை பார் பிள்ளை. ஆம்பிளையும் ஆம்பிளையும் ஒண்டா இருந்ததை நான் ஒரு நாள் கேட்டனானே? நான் ஒண்டும் காட்டான் இல்லை. ரீவி நானும் பாக்கிறனான். ஆனா அவன் வேதக்காரன்! கும்பத்துக்கு முன்னாலை ஒரு வேதக்காரனை இருத்திப்போட்டு நான் சங்கத்திலை எந்த முகத்தோடை முழிக்கிறது?"

இந்த ஒரு வாக்குவாதத்துக்காகப் பல்கலைக்கழகக் காலம் முழுக்கச் சுபாங்கி சேர்த்து வைத்திருந்த நியாயங்கள் அத்தனையும் வேறு பிரச்சினைக்கானவை. கத்தோலிக்கருக்கு என்று அவள் ஒன்றுமே தயார் செய்திருக்கவில்லை. இருபது வருசத்து முன்னேற்றம் இதுதான்: பிரச்சினை இடுப்பை விட்டு ஏறிக் கழுத்துச் சிலுவையில் வந்து நின்றிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குணவதி கண்ணாலேயே அவளைக் கொன்றாள்.

அப்போதுதான் கதவு திறந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேர்ட்டோடு வயதான ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அங்கிள், மற்றச் செத்தவீடு அங்காலை ஹோலிலை" என்றான் ஜனார்த்தன்.

"நான்தான் ஜனா."

குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். மீசை இல்லை. ரேக்-அவுட் கடைக்கு வருகிறவர்கள் 'மீசை அண்ணை, ரெண்டு கொத்துரொட்டி' என்று கூப்பிட்டுச் சொல்லும் அந்தப் பெரிய நரைத்த மீசை இருந்த இடத்தில், பிளாஸ்ரர் உரித்தது போல் வெளிறிய தோலும் இரண்டு வெட்டுக் காயமும் இருந்தன.

நீக்கிலாப்பிள்ளை கூச்சத்தோடு மேலுதட்டைத் தடவினார்.

"நான் ஒண்டும் கேட்டு வரேல்லை அண்ணை" என்றார் தில்லையம்பலத்தைப் பார்த்து. "நான் பின்னுக்கு இருக்கிறன். விடிய எழும்பினன், வழிக்கோணும் போல கிடந்தது. வழிச்சன். அவ்வளவுதான்."

தில்லையம்பலம் கோப்பிக் கோப்பையைப் பார்த்தார். குணவதி கைப்பையைத் திறந்து ரிஷ்யூ ஒன்றை இழுத்து எடுத்தாள்.

"ரத்தம் வருது. துடையுங்கோ" என்றாள். அவரை நேருக்கு நேர் பார்த்து அவள் சொன்ன முதல் வசனம் அது என்று சுபாங்கிக்குப் பட்டது.

மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் சங்கத்து ஆட்கள், மறுபக்கம் ரீரீசி சீருடையோடு வந்த சாரதிகள். வழமையான குருக்கள் யாழ்ப்பாணம் போய்விட்டார். பதிலுக்கு வந்தவர் இளம் ஆள். குடும்பத்தில் ஒருவரையும் தெரியாது. அவருக்கு மத்தியானம் பிறம்ரனில் இன்னொரு செத்தவீடு இருந்தது. கும்பத்தை வைத்துவிட்டு, சேர்ட்டில் மைக்கைக் கொழுவிக்கொண்டு, சனத்தைப் பார்த்தார். முன்வரிசையில் எழும்பி நின்ற ஜனார்த்தனின் தாடியில் அவர் பார்வை ஒரு கணம் தங்கி, அப்பால் போனது. கடைசி வரிசையில் போய் நின்றது.

"ஐயா, நீங்கள் ஏன் அங்கை இருக்கிறியள்? முன்னுக்கு வாங்கோ, நேரம் போகுது."

நீக்கிலாப்பிள்ளை தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

"உங்களைத்தான். வழிச்சிருக்கிறது நீங்கள் ஒராள்தானே."

அவர் தில்லையம்பலத்தைப் பார்த்தார். தில்லையம்பலம் கதிரையிலிருந்து அரைவாசி எழும்பினார். இல்லை என்று சொல்வதென்றால் எழும்பி நின்று சொல்லவேண்டும். ஏன் இல்லை என்றும் சொல்லவேண்டும். இவ்வளவு சனத்துக்கு முன்னால், அந்தச் சொல்லை, அவருடைய வாயால். அவர் மெல்ல இருந்துவிட்டார். சொல்லாமல் விடுவது இந்தக் குடும்பத்தின் பழைய வித்தை. முதல்முறையாக அது நீக்கிலாப்பிள்ளையின் பக்கம் வேலை செய்தது.

நீக்கிலாப்பிள்ளை நடந்து வந்து சேர்ட்டைக் கழற்றிக் கும்பத்துக்கு முன்னால் இருந்தார். குருக்கள் அவருடைய நெற்றியில் திருநீற்றைப் பூசி, விரலில் தர்ப்பையைப் போட்டார். நிமிர்ந்தபோது நெஞ்சில் கிடந்த சிலுவையைக் கண்டார்.

"சங்கிலியை முதுகுப் பக்கம் விடுங்கோ" என்றார் குருக்கள். "நெய் தெறிக்கும்."

பிறகு கேட்டார்: "செத்தவருக்கு நீங்கள் என்ன முறை?"

மைக் அந்தக் கேள்வியை மண்டபத்தின் நாலு மூலைக்கும் கொண்டுபோனது. நீக்கிலாப்பிள்ளை விரலில் கிடந்த தர்ப்பையைத் திருகினார். சுபாங்கி எழும்பினாள். எழும்பிய வேகத்தில் ஒரு கை அவள் சேலையைப் பிடித்து இழுத்துக் கதிரையில் இருத்தியது. இருத்திவிட்டுக் குணவதி எழும்பினாள்.

"என்ரை தம்பிக்கு மனிசி எண்டு ஒராள் இருந்திருந்தால் என்ன முறையோ, அந்த முறை" என்றாள். "இருபது வரியமா ஒரு வீட்டிலை ஒண்டா இருந்தவை. நீங்கள் மந்திரத்தைச் சொல்லுங்கோ ஐயா."

சங்கத்துப் பக்கத்தில் யாரோ இருமினார்கள். ஒருவரும் அதிர்ச்சியில் விழவில்லை. முன்னால் இருந்த ஒரு கிழவி பக்கத்துக் கிழவியிடம், "நான் அப்பவே சொன்னனானெல்லே?" என்றாள். மற்றவள், "உது ஆருக்கடி தெரியாது?" என்றாள்.

குருக்கள் மணிக்கூட்டைப் பார்த்தார். "அப்ப சரி. பேர், நட்சத்திரம்?"

"நீக்கிலாப்பிள்ளை. நட்சத்திரம்… எங்கடை ஆக்கள் பாக்கிறேல்லை, ஐயா."

"பரவாயில்லை. சிவனுக்குத் தெரியும்."

குணவதி இருந்துகொண்டு மூக்கைத் துடைத்தாள். "இப்ப சந்தோசமே உனக்கு?"

"நானே சொல்லியிருப்பனே."

"நீ கோவத்திலை சொல்லுவாய். அவன் என்ரை தம்பி. பேசாமல் இரு."

செத்தவருக்குத் தூவும் சுண்ணம் இடிக்கிற நேரம் வந்தது. சிறிய உரலுக்குள் மஞ்சளும் அறுகும் போட்டு, உலக்கையை நீக்கிலாப்பிள்ளையிடம் கொடுத்தார் குருக்கள். சுண்ணப்பாட்டு இழுத்து இழுத்துப் போனது. உலக்கை இழுக்கவில்லை. வாழ்நாள் முழுக்கச் சமையலறையில் நின்ற கை. டங் டங் டங் என்று கடை திறக்கிற நேரத்து வேகத்தில் இடித்தது. மஞ்சள் தெறித்துக் குருக்களின் கண்ணாடியில் விழுந்தது.

"மெல்ல, மெல்ல. உது சம்பல் இல்லை ஐயா."

மைக் நிற்பாட்டப்படவில்லை. ரீரீசிப் பக்கத்தில் தமிழ்ச் சாரதி ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு மொழிபெயர்த்தார். சிரிப்பு அந்த வரிசையில் தொடங்கிச் சங்கத்துப் பக்கம் வரை போனது. நீக்கிலாப்பிள்ளையும் சிரித்தார், சிரித்தபடியே அழுதார், இடிப்பதை மட்டும் விடவில்லை. தில்லையம்பலம் சால்வையால் வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது.

பெட்டியை மூடினார்கள். மண்டபப் பொறுப்பாளரான கறுப்பு உடுப்புப் பெண் வந்து, பெட்டி போகும் காரின் முன்சீற்றில் யார் ஏறுவது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஒரு இடம்தான். ஏறுகிறவரைத்தான் சுடலையில் நேராகப் பட்டன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

தில்லையம்பலம் எழும்பினார். சிரிப்பு முகத்தில் இல்லை. "இஞ்சை நடந்தது நடந்துபோச்சு. குருக்கள் ஆளைத் தெரியாமல் இருத்திப்போட்டார் எண்டு சொல்லலாம். அங்கை ஜனா, தாடியோடை எண்டாலும். இதோடை நிப்பாட்டுவம்."

"ஓம் அண்ணை" என்றார் நீக்கிலாப்பிள்ளை உடனே. "எனக்கு இவ்வளவும் காணும். காணும்." தர்ப்பையைக் கழற்றப் போனார்.

போதுமென்று சொல்லும் அந்தக் 'காணும்'தான் சுபாங்கியைச் சுட்டது. பெயரில்லாத கார்ட்டுக்கும் காணும். றூம்மேற் என்ற சொல்லுக்கும் காணும். இவர் வாழ்நாள் முழுக்கக் காணும் என்று சொல்லுவார், இவர்களும் வாழ்நாள் முழுக்க அதைக் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

"கழட்டாதேங்கோ அங்கிள்" என்றாள்.

பின்னறையில் வாதாடியது போல் இப்போது அவள் ஒருவரோடும் வாதாடவில்லை. கதிரை முதுகில் கிடந்த அவருடைய குளிர்ச் சட்டையை எடுத்துக் கையில் போட்டாள். கறுப்பு உடுப்புப் பெண்ணிடம், "இவர்தான், கணவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுக் கதவுப் பக்கம் வழிகாட்டினாள்.

சுபாங்கி நடந்தாள். ஜனார்த்தன் ஃபோனைப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தான். குளிர் முகத்தில் அடித்தது.

"வேட்டியோடை கூட்டிக்கொண்டு போறாள், விசரி!" தில்லையம்பலத்தின் குரல் பின்னாலிருந்து துரத்தியது. "நிமோனியாவிலை விழுந்தால் அதையும் நான்தான் சங்கத்திலை அறிவிக்கோணும்! அந்தச் சட்டையை முதல் போடச் சொல்லு!"

அவள் திரும்பவில்லை. உப்புத் தூவிய படிகளில் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில், நீக்கிலாப்பிள்ளையின் சிப் பூட்டாத விண்டர் பூட்ஸ் இரண்டும் தடக் தடக் என்று அவளுக்குப் பின்னால் இறங்கி வருவது கேட்டது.