ஊதாதே என்றார் அத்தான்

அக்காவின் கணவர் வக்கீல். நீதிமன்றத்தில் அவர் வாதாடி ஜெயித்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. வீட்டுக் கூடத்தில் தோற்றதும் இல்லை. அவருடைய மைத்துனன், அக்காவின் தம்பி, டாக்சிக்காரன். அன்று மதியம் ஒரு கடைத் திறப்பு விருந்துக்குப் போன அக்காவையும் அத்தானையும் அவன்தான் திரும்ப அழைத்து வந்துகொண்டிருந்தான். பழச்சாறு தவிர வேறெதையும் தொடவில்லை என்று அத்தான் அக்காவிடம் சத்தியம் செய்திருந்தார்.

பாலத்துக்கு அடியில் போலீஸ் நிறுத்தியது. குடித்திருக்கிறானா என்று ஊதிப் பார்க்கும் கருவியில் போலீஸ்காரர் புதுக் குழாய் மாட்டி நீட்டினார். டாக்சிக்காரன் வாயைக் கொண்டுபோவதற்குள் பக்கத்து இருக்கையிலிருந்து அத்தானின் கை குறுக்கே வந்தது.

"ஊதாதே. சட்டம் எனக்குத் தெரியும்."

எந்தச் சந்தேகத்தில் வண்டியை நிறுத்தினீர்கள், கருவியைச் சோதித்த சான்றிதழ் எங்கே என்று கேட்டார். போலீஸ்காரர் ஜீப்பிலிருந்து எடுத்துவந்து காட்டினார். அத்தான் அதை எட்டப் பிடித்துப் படித்துவிட்டு, முத்திரை சரியில்லை என்றார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. ஊத மறுப்பதும் குற்றம்தான், லைசென்ஸ் போய்விடும் என்று போலீஸ்காரர் டாக்சிக்காரனிடம் நிதானமாகச் சொன்னார்.

அத்தானுக்கு அது வாய்ச் சவடால், இவனுக்கோ வயிற்றுப்பாடு. லைசென்ஸ் போனால் அடுப்பில் பூனைதான் தூங்கும். குறுக்கே நின்ற கையை விலக்கிவிட்டு ஊதினான். பூஜ்யம்.

அத்தோடு கிளம்பியிருக்கலாம். அத்தான் விடவில்லை. இன்றைக்குப் பூஜ்யம் காட்டும் ஓட்டை மெஷின் நாளைக்குக் குடிக்காதவனுக்கு நூறு காட்டும் என்றார். பயணி ஊதத் தேவையில்லை என்று போலீஸ்காரர் சொல்லிப் பார்த்தார்.

"நான் ஒரு சொட்டுத் தொடலை. எனக்கு என்ன காட்டுதுன்னு பாக்கணும். அது என் உரிமை."

சொன்ன பொய்யைத் தானே நம்பிவிடுவது அவருடைய தொழில் பழக்கம். கன்னம் புடைக்க ஊதினார். கருவி கீச்சிட்டது. வண்டி ஓட்டுபவருக்கு உள்ள வரம்பைப் போல நாலு மடங்கு என்று போலீஸ்காரர் படித்துச் சொன்னார்.

"பாத்தீங்களா, ஓட்டை மெஷினு" என்றார் அத்தான்.

பின் இருக்கையிலிருந்து அக்கா இறங்கி வந்தாள்.

"இன்னொரு குழாய் மாட்டுங்க தம்பி. நானும் ஊதுறேன்."

ஊதினாள். பூஜ்யம்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு, முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கணவருக்காகக் காத்து நின்றாள். "பின்னாடி போய் உக்காருங்க."

வக்கீல் இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்தார். வீடு வரும்வரை, சுத்தமாகவே இருந்த ஜன்னல் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தார்.