இத்தோவின் வயலுக்கு வந்த சமாதி

அட்லஸ் மலையில் அயித் உஸ்ரு என்னும் ஊரில், இத்தோவின் பார்லி வயலுக்கு நடுவே ஒரு செவ்வாய்க்கிழமை காலை மகான் ஒருவரின் சமாதி நின்றது. வெள்ளைக் கும்மட்டம், பச்சைக் கதவு. சுண்ணாம்புகூடக் காய்ந்திருந்தது. முந்தின நாள் அங்கே பார்லி மட்டும்தான் இருந்தது.

ஊராருக்கு வியப்பைவிட இத்தோ மேல் சந்தேகம்தான் முதலில் வந்தது. சில வருடங்களுக்கு முன் ரோலாண்ட் என்ற மானிடவியல் ஆய்வாளர் இத்தோ வீட்டு மாடியில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தார். அரசன் இல்லாத மலைக்குடிகள் அடித்துக்கொண்டு சாகாமலிருக்க எல்லையில் ஒரு மகானின் சமாதி வேண்டும், அங்கே சத்தியம் செய்து வழக்கு தீர்ப்பார்கள் என்பது அவர் கொள்கை. அயித் உஸ்ருவில் சமாதி கிடையாது. சத்தியம் செய்யப் போகிறவர்கள் இரண்டு மலை தாண்டி நடக்க வேண்டும். பாதி வழியிலேயே களைத்து, சேர்ந்து தேநீர் குடித்து, சமாதானமாகித் திரும்பிவிடுவார்கள். இதைப் பலர் சொன்னார்கள். அவர் காதில் ஏறவில்லை. சமாதி எங்கே என்று தினமும் கேட்டார். விருந்தாளியிடம் இல்லை என்று சொல்வது அந்த மலையில் வழக்கமில்லை. ஒரு நாள் இத்தோ அவருக்கு ரொட்டி வைத்துக்கொண்டே, வயல் பக்கம் கையைக் காட்டி, “அந்தப் பக்கம், அல்லா நாடினா” என்றாள். அவர் அதை எழுதிக்கொண்டு போனார். அங்கே சமாதி இருப்பதாகச் சொன்ன அவர் புத்தகம் வெளிவந்த வாரம் சமாதி வந்தது.

சமாதி நிலம் ஊருக்குப் பொது. ஊர்த்தலைவர் பஸ்ஸூ வயலைக் கேட்டு வந்தார்.

“நீதானே அந்த வெள்ளைக்காரன்கிட்ட சொல்லி வரவச்சே?”

“சோறு போடுற மண்ணுல எவளாச்சும் மகானை விதைப்பாளா, அண்ணே? உங்க ஆட்டுக்கு மேய்ச்சல் வேணும்னா நேரா கேளுங்க.”

கணவனை இழந்த இத்தோவும் இரண்டு பெண்களும் அந்த ஒரு வயலில்தான் பிழைத்தார்கள். சமாதி வெறும் கூடு என்று அதன் வாசலிலேயே சத்தியம் செய்வதாக அவள் சொன்னாள். ஊர் கூடியது.

“உள்ளே ஆள் இல்லேன்னா சத்தியம் செல்லாது. இருந்தா பொய்ச் சத்தியம், நீ பொழைக்க மாட்டே” என்றார் பஸ்ஸூ.

இத்தோ யோசித்தாள். பச்சைக் கதவில் கை வைத்தாள்.

“உள்ளே யாருன்னு எனக்குத் தெரியாது. விருந்தாளின்னா இருங்க, ரொட்டி தரேன். நிலம் என்னுது.”

உள்ளே யாரோ இருமினார்கள். முதலில் பின்வாங்கியவர் பஸ்ஸூ.

இலையுதிர்காலத்தில் கோவேறு கழுதை ஏரை இழுத்து வந்தபோது, சமாதி எழுந்து வரப்பைத் தாண்டி, பஸ்ஸூவின் மேய்ச்சல் நிலத்தில் போய் உட்கார்ந்தது. பிறகு அசையவில்லை.

ரோலாண்ட் ஒருமுறை திரும்பி வந்தார். சுண்ணாம்பைச் சுரண்டி முகர்ந்தார். இதை யார் கட்டியது என்று இத்தோவிடம் இரகசியமாகக் கேட்டார். தான் முன்பு தங்கியிருந்தபோது இது இல்லை என்று அவர் ஒருவர்தான் சாதித்தார்.

இப்போது சத்தியம் செய்ய யாரும் மலை தாண்டுவதில்லை. வழியில் தேநீர் இல்லாததால் சண்டைகள் கூடிவிட்டன. வியாழக்கிழமை இத்தோ ஒரு ரொட்டி அதிகமாகச் சுடுகிறாள். வருடம் ஒருமுறை சுண்ணாம்பு அடிப்பது பஸ்ஸூவின் வேலை.