ராய்ஸ் எத்ரிட்ஜின் ஆயுள் லைசென்ஸ்

வெர்னா தினமும் புருஷனின் தூண்டில் கோலைக் கடற்கரை மணலில் நட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஹட்டராஸ் தீவு முழுக்கத் தெரிந்த சங்கதி. மூளை பிசகிவிட்டது என்றார்கள் சிலர். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் புருஷன் ராய்ஸ் போன அக்டோபரில் இதே இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தூண்டில் வீசினான். ஒரு பெரிய அலை வந்து போனது; கோல் மட்டும் கரை ஒதுங்கியது, ஆளைக் காணோம். உடம்பும் கிடைக்கவில்லை. கிடைக்காத ஆளைச் செத்தான் என்று எந்த வாயால் சொல்வது? வெர்னா இன்றுவரை சொல்லவில்லை.

அன்று சாயங்காலம், புதிதாக மாற்றலாகி வந்திருந்த மீன்வள அதிகாரி டால்டன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

“மீன் பிடிக்க லைசென்ஸ் இருக்காம்மா?”

அவள் லைசென்ஸ் அட்டையை நீட்டினாள். அவன் வாங்கிப் பார்த்தான்.

“இது ஆம்பளை பேருல்ல?”

“என் வீட்டுக்காரர். பொறந்த வாரமே அவங்கப்பா வாங்கிப் போட்டது. ஆயுசுக்கும் செல்லும்.”

“அவர் எங்கே?”

வெர்னா கடலைக் காட்டினாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

“மன்னிச்சுக்கோங்கம்மா. ஆனா ஆயுசு முடிஞ்சா அட்டையும் முடிஞ்சுது. அதை வெச்சு இன்னொருத்தர் மீன் பிடிக்கக் கூடாது. நான் வாங்கிட்டுப் போயாகணும்.”

அட்டை போனால் ராய்ஸ் போனான், அவ்வளவுதான்.

“நான் எங்கய்யா மீன் பிடிச்சேன்? முள்ளும் இல்ல, இரையும் இல்ல. தூண்டில் நரம்பு நுனியில வெறும் ஈயக்குண்டு. அவரு கோலு கடலைப் பாத்து நிக்கட்டும்னு வெச்சிருக்கேன். வேணும்னா நரம்பைச் சுத்தி இழுத்துப் பாரு. முள் இல்லேன்னா அட்டையைக் குடுத்துட்டு உன் சோலியப் பாத்துட்டுப் போ.”

“முள் இல்லேன்னா எனக்கு இங்க வேலையே இல்லம்மா.”

அவன் நரம்பைச் சுற்றி இழுத்தான். நுனி நுரையை விட்டு மேலே வந்ததும் இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஈயக்குண்டுக்குக் கீழே ஒரு முள். அதில் இரையாகப் புத்தம் புது மடவை மீன் துண்டு. முடிச்சுக்கு வெளியே அரை விரல் நீளத்துக்கு நரம்பு நறுக்கப்படாமல் தொங்கியது. கத்தி எடுக்கச் சோம்பல்பட்டு ராய்ஸ்தான் அப்படி விடுவான்.

டால்டனின் முகம் வெளுத்தது. கண்ணுக்கெட்டிய தூரம் கரையில் வேறு ஆளில்லை.

“நீங்கதானே மாட்டுனீங்க? ஆமான்னு சொல்லிடுங்கம்மா.” அதிகாரம் போய்க் கெஞ்சலாகிவிட்டது.

“நான் இல்லப்பா.”

“அப்போ... லைசென்ஸ் உள்ளவர்தான் பிடிக்கிறாரு.” அட்டையை அவள் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியை நோக்கி ஓடினான்.

வெர்னா அந்த இரையோடு தூண்டிலைத் திரும்ப வீசினாள். சந்தோஷமா பயமா, அவளுக்கே பிடிபடவில்லை. “போதுங்க, கரைக்கு வாங்க” என்று கத்தினாள்.

நரம்பு விறைத்தது. யாரோ நிதானமாக இழுத்தார்கள். அவள் கோலை விடவில்லை. கடலுக்குள் இழுபட்டுத் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியபோதும் விடவில்லை.