கீழ்க் கோப்பைக்கு ஓரணா டிக்கெட்

கரெண்டு விளக்கு வந்த மறுவருஷம் தங்கவயலில் இரண்டு கால்பந்துக் கோப்பைகள் இருந்தன. மேல் கோப்பை அசல் வெள்ளி. அதற்குத் துரைமார்கள் ஆடுவார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு அழைப்பிதழ், நாற்காலி, கேக்கு, எல்லாம் இலவசம். கீழ்க் கோப்பை வெள்ளி பூசியது. அதற்குச் சுரங்கத்தில் பாறை உடைக்கிறவர்கள் ஆடுவார்கள். பார்க்க வருகிறவர்கள் நாலணா கட்டவேண்டும். நாலணா என்றால் ஏறக்குறைய அரை நாள் கூலி. எதையும் சும்மா பார்க்கிற அளவுக்கு அவர்கள் இன்னும் பணக்காரர்கள் ஆகியிருக்கவில்லை.

விலை வைத்தவர் ஹெட் கிளார்க் டக்ளஸ், கோப்பைக் கமிட்டியின் கௌரவக் காரியதரிசி. பிறந்து வளர்ந்தது பெங்களூர் கண்டோன்மெண்டில். கப்பலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் இங்கிலாந்தைப் பற்றிப் பேச்சு வந்தால் "நம்ம ஊரில்" என்றுதான் ஆரம்பிப்பார். நம்ம ஊரில் ஜனங்கள் காசை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்களாம். விலையைக் குறைத்தால் பந்துக்கே அவமானமாம்.

அந்த நாலணா வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற வேலை சிரிலுக்கு. மற்ற நாட்களில் அவன் டைம் ஆபீஸ் ரைட்டர். ஷிப்டுக்கு இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் நம்பர் போட்ட ஒரு பித்தளைப் பில்லையைப் பலகை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுப்பான். மேலே ஏறி வந்தவன் நம்பரைச் சொல்லி 'ஏறிட்டேன்' என்றதும் அதைத் திருப்பி வாங்கி மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். பில்லை எண்ணுகிறவனுக்கு டிக்கெட் எண்ணத் தெரியாதா என்று டக்ளஸ் அவனை வாசலில் உட்காரவைத்துவிட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஓர் ஆணி காலியாக இருந்தது. பில்லையைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான், கணக்கை முடி என்றார்கள் அதிகாரிகள். சிரில் முடிக்கவில்லை. ஆபீஸ் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கதவருகே தரையில் உட்கார்ந்துவிட்டான். வேறு வழியில்லாமல் மறுபடியும் கூண்டை இறக்கித் தேடினார்கள். சரிந்த பாறைக்குப் பின்னால், கால் நசுங்கி, உயிரோடு கிடந்தான் முனிரத்தினம். மேலதிகாரியின் சொல்லை மீறியதற்காகச் சிரிலுக்கு ஒரு நாள் சம்பளம் போனது. யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "கணக்கு ஒத்து வரல, அவ்வளவுதான்" என்பான். அந்தக் காலோடு ஓட முடியாததால் முனிரத்தினம், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனின் டீமுக்குக் கோல்கீப்பர் ஆனான். அந்த டீமைச் சேர்த்ததே சிரில்தான். அவன் மட்டும் ஆடமாட்டான். பலமாக ஒருவன் தும்மினாலே விழுந்துவிடுகிற உடம்பு.

அரையிறுதி ஆட்டத்துக்கு ஏழு டிக்கெட் விற்றது. மைதானத்தை ஒட்டி நின்ற சைனைட் மண் மேட்டில் நானூறு பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். தங்கத்தை எடுத்துக்கொண்டு மண்ணைக் கொட்டிய கம்பெனி, அது கேலரியாகும் என்று எண்ணியிருக்காது. டக்ளஸ் மேட்டை நிமிர்ந்து பார்க்காமல், 'வந்தவர்கள்: ஏழு பேர்' என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் கமிட்டித் தீர்மானம் வந்தது. இறுதி ஆட்டத்துக்கு நூறு டிக்கெட்டாவது விற்கவேண்டும். இல்லையென்றால் கீழ்க் கோப்பை இந்த வருஷத்தோடு சரி. மைதானத்தில் டென்னிஸ் போடுவார்கள். கோப்பை கிளப்புக்குப் போகும், எலுமிச்சம்பழம் வைக்க.

சிரிலுக்குச் சோறு இறங்கவில்லை. லைன்காரர்கள் ஆடுவதற்கென்று அந்த வாசலுக்குள் நுழைவதே வருஷத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளில் நுழைந்தால் கையில் புல் வெட்டுகிற கத்தி இருக்கவேண்டும். அந்த மூன்றும் போகப்போகிறது. சாயங்காலம் மூச்சு வாங்க மேட்டில் ஏறினான். சுண்டல் விற்கிற கங்கம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முனிரத்தினம் காலை நீட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா ரைட்டரே, நீயே மேட்டுக்கு வந்துட்ட? நாலணா வாசல மூடிட்டாங்களா?" என்றாள் கங்கம்மா.

"மூடத்தான் போறாங்க. ஞாயித்துக்கிழம நீங்க எல்லாரும் உள்ள வரணும்."

"உள்ள வந்தா இன்னா தெரியும்? முன்னாடி நிக்கறவன் முண்டாசு தெரியும். இங்க குந்திக்கினா ரெண்டு கோலும் தெரியுது, அந்தாண்ட தொரை ஊட்டுக் குதிரை கூடத் தெரியுது. நல்ல எடம் சும்மா, கெட்ட எடம் நாலணா. இது எந்த ஊரு நாயம்?"

"நம்ம ஊரு நாயமாம்" என்றான் சிரில், டக்ளஸின் குரலில்.

கங்கம்மா சிரித்ததில் சுண்டல் சிதறியது. முனிரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. "ஓரணா ஆக்கு. மீதிய நாங்க பாத்துக்கறோம்."

"எறக்க மாட்டார்ப்பா."

"எறக்கச் சொன்னா எறக்க மாட்டாரு. ஏத்தச் சொல்லு."

சிரில் இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் டக்ளஸின் மேஜைக்கு முன்னால் போய் நின்றான்.

"சார், நாலணா குறைச்சல்."

டக்ளஸ் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு ரைட்டர் இவ்வளவு புத்தியாகப் பேசி அவர் கேட்டதில்லை.

"ஒரு ரூபா வரிசை வேணும் சார். துரைமார் வந்தா, நீங்க வந்தா, எங்க உக்காருவீங்க? ஃபர்ஸ்ட் கிளாஸ்னு கயிறு கட்டிடலாம். ஆனா ஒண்ணு. ரயில்ல தேர்ட் கிளாஸ்னு ஒண்ணு இருக்கறதாலதானே சார் ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு மதிப்பு?"

"நம்ம ஊர் ரயிலிலும் அப்படித்தான்" என்றார், ஜோலார்பேட்டைக்கு அப்பால் ரயிலில் போயிராத டக்ளஸ். "தேர்ட் கிளாஸுக்கு என்ன போடலாம்?"

"அதை எவ்வளவு கீழே வைக்கிறீங்களோ, ஃபர்ஸ்ட் கிளாஸ் அவ்வளவு மேலே போகும் சார்."

டக்ளஸ் தன் நாற்காலி உயர்வதைக் கண்ணாலேயே பார்த்தார். 'ஓரணா' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டார். தேர்ட் கிளாஸை மேட்டடியில், வேலி இல்லாத பக்கத்தில் வைக்கும்படி உத்தரவிட்டார். தன் மூக்கிலிருந்து அது எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வாசல் ஜன்னலைத் திறந்த சிரில் அப்படியே நின்றுவிட்டான். ஸ்கெலட்டன் லைனிலிருந்து வரிசை வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்தது. ஷிப்டுக்கு நிற்கிற அதே ஒழுங்கு. ஒவ்வொருவரும் ஓரணாவை வைத்து, நம்பர் போட்ட மஞ்சள் அட்டையை வாங்கி, நம்பரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். எதிர் டீம்காரர்களான மைசூர் மைன்ஸ் ஆட்களும் அந்த வரிசையிலேயே நின்றார்கள். பந்து என்றாலே வேலையற்ற வேலை என்கிற லைன் கிழவி ஒருத்திகூட வந்திருந்தாள்.

"உங்களுக்குத்தான் ஆட்டமே பிடிக்காதேம்மா?" என்றான் சிரில்.

"ஆட்டத்த யாரு பாக்க வந்தா? நீ அட்டயக் குடு."

நூறாவது அட்டையைக் கிழித்தபோது சிரில் அதன் நம்பரை இரண்டு தடவை பார்த்துக்கொண்டான். அட்டைகள் தீர்ந்தபோது நம்பர் நானூற்றுப் பன்னிரண்டு. அவன் வாசலைச் சாத்திவிட்டு, நிறைந்த மைதானத்தைப் பார்க்க ஆசையோடு உள்ளே ஓடினான்.

மைதானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

ஃபர்ஸ்ட் கிளாஸில் டக்ளஸும் அவர் மனைவி லூயிசாவும் இருந்தார்கள், இருவரும் இலவசம். தேர்ட் கிளாஸ் கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. காசு கொடுத்து வாசலில் நுழைந்த நானூறு பேரும் நேராக மைதானத்தைக் கடந்து, கயிற்றைத் தாண்டி, வழக்கம்போல் மேட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல இடத்தை விட அவர்கள் என்ன முட்டாள்களா?

டக்ளஸ் நாலு பக்கம் வரவேற்புரை எழுதி வந்திருந்தார். எழுதியதை வீணாக்க மனமில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்து, "பெருந்திரளாகக் கூடியிருக்கும் பெரியோர்களே" என்று ஆரம்பித்தார். மேட்டிலிருந்து பலத்த கைதட்டல் வந்தது. ஒரு சொல்கூட அங்கே கேட்டிருக்காது. அதனால்தான் இவ்வளவு உற்சாகம் என்றாள் லூயிசா, கைக்குட்டைக்குள்.

ஆட்டத்தில் ஸ்கெலட்டன் இரண்டுக்கு ஒன்று தோற்றது. முனிரத்தினம் ஏழு பந்தைப் பிடித்தான், இரண்டைக் கோட்டைவிட்டான். கோல் விழுந்தபோதெல்லாம், யார் போட்டதானாலும், மேடு குதித்தது. வெள்ளைத் தூசி எழுந்து ஃபர்ஸ்ட் கிளாஸ் மேல் படிந்தது. 'வந்தவர்கள்: நானூற்றுப் பன்னிரண்டு பேர். இது என் வகுப்பு முறையின் வெற்றி. கீழ்க் கோப்பை தொடரவேண்டும்' என்று டக்ளஸ் தூசி துடைத்துவிட்டு எழுதினார். சிரில் அந்த வரியைத் தலைகீழாக மூன்று தடவை படித்தான்.

ஆட்டம் முடிந்ததும் ஜனங்கள் கலையவில்லை. மேட்டிலிருந்து இறங்கி மறுபடியும் வரிசை கட்டி வாசலுக்கு வந்தார்கள். டக்ளஸுக்கு முகம் வெளுத்தது. "காசைத் திருப்பிக் கேட்கிறார்களா?"

முதலில் வந்த கங்கம்மா மஞ்சள் அட்டையைச் சிரிலின் கையில் வைத்தாள். "நம்பரு மூணு. ஏறிட்டேன்."

"இது பில்லை இல்ல கங்கம்மா. டிக்கெட்டு. நீயே வெச்சுக்கலாம்."

"நல்லா கீதே! நான் வெச்சுக்கினா கணக்கு ஒதைக்கும். ஒரு ஆளு கொறையுதுன்னு நீ கதவாண்ட குந்திக்குவ. உன்னய எங்களுக்குத் தெரியாதா?"

அவள் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் அட்டையைச் சட்டைக்குள் திருப்பிப் போடவில்லை. ஏறிட்டேன், ஏறிட்டேன் என்று வரிசை நகர்ந்தது. ஆட்டத்துக்காக இல்லை, தனக்காகத்தான் ஓரணா கொடுத்து வந்தார்கள் என்பது சிரிலுக்கு இருபதாவது அட்டையில் புரிந்தது. அதற்குப் பிறகு அவன் நிமிரவில்லை. ஈரமான மூக்குக்கண்ணாடியைத் துடைக்கக் கை காலியாக இல்லை. ஒவ்வொரு கையிலிருந்தும் அட்டையை வாங்கும்போது, "சந்தோஷம்... சந்தோஷம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

எல்லோரும் போனபின் எண்ணினான். நானூற்றுப் பதினொன்று. மறுபடி எண்ணினான். ஒன்று குறைந்தது. வெறும் டிக்கெட், வெறும் ஓரணா அட்டை, போகட்டும் என்று ஜன்னலைச் சாத்தினான். சாவியைச் சட்டைப்பையில் போட்டான். கால் நகரவில்லை. கதவருகே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து முனிரத்தினம் நொண்டிக்கொண்டு வந்தான். முழங்காலெல்லாம் மண். மடியை அவிழ்த்து மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்தான். நம்பர் ஒன்று, யாரையோ வரிசையில் நிறுத்தி வாங்கியது.

"ஆடறவனுக்கு இன்னாத்துக்குப்பா டிக்கெட்டு?" என்றான் சிரில். 

"அன்னிக்கி எம் பில்லை வராமத்தானே நீ ஊட்டுக்குப் போவல?" முனிரத்தினம் அட்டையை அவன் உள்ளங்கையில் வைத்து மூடினான். "இந்தா. ஏறிட்டேன். எழுந்துரு, போலாம். ரெண்டு கோல் விட்டதுக்கு கங்கம்மா வேற வாயால கிழிக்கப் போறா. நீயும் கூட வா."